கார்த்திகைக்கு மிஞ்சின மழை

காலத் தூக்கி அந்தக் கட்டு மேலயே வச்சுக்கிடுங்க தம்பி. ஒண்ணும் செய்யாது. உடையிற சாமான் அதுல கெடையாது. கண்டக்டர் பயதான் லக்கேஜு லக்கேஜுன்னு மொறச்சிக்கிட்டுப் போறான். போறான் விடுங்க. நீங்க திருச்செந்தூர் வரைக்குமா? அப்பஞ் சரி. நான் ஆலடி விலக்குல இறங்கிருவேன். இவன் உருட்டுத உருட்டுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆக்கிருவான்.

என்ன, சன்னல் வழியா மேல மேல பாக்கிய? மழை வருமான்னா? வராது. பாக்கத்தான் கருப்பா கெடக்கு, உள்ள ஒண்ணுமில்ல. போன்ல என்னமோ மஞ்சக் கலரு போட்டிருக்கா? மஞ்சளும் போடுவான், ஆரஞ்சும் போடுவான், அவனுக்கு அதான சோலி. கார்த்திகை முடிய இன்னும் நாலே நாளு. கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்ல, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லன்னு சும்மாவா சொல்லிவச்சிருக்காவ?

சிரிக்காதிய. போன மார்கழிய நெனச்சுத்தான சிரிக்கிய? இந்தப் பக்கம் யாருகிட்ட மழையப் பத்திப் பேசினாலும் அந்தச் சிரிப்புத்தான் சிரிக்காவ. ஒரு வருசம் தப்பிப் போச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்லா? அதுக்காவ ஆனை நடக்காமலா இருக்கு?

எம் பேரு பலவேசம். ஆலடிக்குளம் பாசன சங்கத்துக்குத் தலைவரு. பதினாலு வருசமா நாந்தான். எலெக்சன் வச்சா எதுத்து நிக்க ஆளு கெடையாது. இதச் சொன்னா எம்மவ சொல்லுவா, "எதுத்து நிக்க ஆளில்லன்னா பெருமையாப்பா அது"ன்னு. வாயி. அவ அம்மைய உரிச்சு வச்ச வாயி. அவ பேரு பேச்சி. ஒரே மவ. அவளப் பத்தித்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள எங்கயோ போயிட்டேன்.

கலிங்குன்னா தெரியுமா உங்களுக்கு? டவுன்காரவுகளுக்குத் தெரியாது. குளம் நெறைஞ்சா மிச்சத் தண்ணி கரைய ஒடைக்காம வழிஞ்சு போவணும்லா, அதுக்குக் கரையில ஒரு எடத்துல தாழ்த்தி, கல்லால கட்டி விட்டிருப்பாவ. அதான் கலிங்கு. அதுல வழியிற தண்ணிய மறுகால்ன்னு சொல்லுவோம். எங்க கலிங்கு மேல இடுப்பொசரத்துக்கு வரிசையாக் கல்லு நட்டிருக்கும், பல்லு மாதிரி. எதுக்கு? கார்த்திகைக் கடைசியில, இனிமே மழை இல்லன்னு ஆன பொறவு, அந்தக் கல்லு இடுக்குல மண்ணு சாக்க அடுக்கி அடைச்சிருவோம். அப்ப குளம் ஒரு மூணடி கூடப் பிடிக்கும். அந்த மூணடித் தண்ணியிலதான் கார்த்திகையில நட்டுப் பங்குனியில அறுக்குத எங்க பிசான நெல்லு கதிர் முத்தும். இது நான் கண்டுபிடிச்சதில்ல. ஆண்டாண்டு காலமா நடக்குது. கரையடி மாடனுக்குப் பொங்கல் வச்சு, வயலுக்கு நாலு சாக்குன்னு ஊரே கொண்டாந்து அடுக்கும். அடைச்சாச்சுன்னா பொறவு பங்குனியிலதான் எடுக்கணும். அதுக்கு முன்ன எடுக்கணும்னா தலைவரு தேங்காய் ஒடைச்சு மொத சாக்க எடுத்துப் போடணும். தலைவரு தொடாம வேற எவன் கை வச்சாலும் அவன் தண்ணித் திருடன். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு போவாது.

அந்த மறுகால் எங்க போவும்னு கேளுங்க. கீழ மருதடிக்குப் போவும். எங்களுக்கு வழிஞ்சாத்தான் அவங்க குளத்துக்குத் தண்ணி. அந்த மருதடியிலதான் பேச்சியக் குடுத்திருக்கேன். மருமவன் பேரு சிவனணைஞ்சான். நல்ல பய. குடி கிடி கெடையாது. எங்கிட்ட நின்னு பேசவே கூச்சப்படுவான். நான் இருந்தா நாக்காலியில ஒக்கார மாட்டான், பாத்துக்கிடுங்க. அப்படி ஒரு மரியாதை.

போன வருசம் என்னாச்சு? புரட்டாசி ஏமாத்திருச்சு. ஐப்பசியில ரெண்டு தூத்தல். கார்த்திகையில நாலு நாளு பெஞ்சு எங்க குளம் கலிங்கு மட்டத்துக்கு ரெண்டு சாண் கீழ வந்து நின்னுட்டு. ரெண்டே சாண். மருதடிக் குளத்துல சொட்டுத் தண்ணி கெடையாது, ஆடு மேயுது. முன்னயெல்லாம் மழை பைய வரும், பத்து நாளு பெய்யும், குளமும் குடிக்கும், தரையும் குடிக்கும். இப்ப வந்தா ஒரேயடியா வருது, இல்லன்னா வாரதே இல்ல. அப்ப இருக்கதப் பிடிச்சு வச்சுக்கிடணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.

கார்த்திகை கடைசி வாரம், பேச்சி வந்தா. கைப்புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்தா. அவ மாமியாளுக்கு நடக்க முடியாது, வாதம், ஒரு வருசமாப் படுக்கை. அவளப் பக்கத்து வீட்டுல பாத்துக்கிடச் சொல்லிட்டு வந்திருக்கா. ஈரத்துணியில ஒரு முடி நாத்துச் சுத்திக் கொண்டாந்திருந்தா. கெணத்துத் தண்ணிய நம்பி நடவு நட்டு இருவது நாளு ஆன நாத்து. நுனி பூராம் மஞ்சளா ஆயிட்டு.

"அப்பா, இத வீட்டுல காட்ட வரல. தலைவருகிட்ட காட்ட வந்திருக்கேன்"ன்னா.

"காட்டு"ன்னேன்.

"இந்த ஒரு வருசம் கலிங்க அடைக்காதிய. உங்களுக்கு ரெண்டு சாண்தான் கொறையுது. ஒரு மழை பெஞ்சா மறுகால் பாயும். அந்தத் தண்ணி எங்களுக்கு வரட்டும்."

நான் சிரிச்சேன். "கார்த்திகை முடிஞ்சு போச்சு, பெய்யாத மழைக்கு எதுக்கும்மா அடிச்சுக்கிடுத?"ன்னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "பெய்யாதுன்னா நீங்க எதுக்குப்பா அடைக்கிய?"ன்னா.

வாயி. நான் சொன்னேனே. சோறு தின்னுட்டுப் போன்னேன். திங்கல. நாத்து முடிய வாசல்ல வச்சுட்டுப் போயிட்டா. மறுநா ஊர்க் கூட்டத்துல நாலு பேரு சொன்னான், பெத்த மவளுக்கே மாட்டேன்னுட்டாரு, இவருலா தலைவருன்னு. இல்லன்னு சொல்ல மாட்டேன், கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. தலைவன்னா தகப்பங்கிற நெனப்ப வீட்டுல கழட்டி வச்சுட்டுத்தான் வரணும். நான் வச்சுட்டுத்தான் வந்தேன்.

கார்த்திகைக் கடைசியன்னைக்குப் பொங்கல் வச்சோம், அடைச்சோம். என்னா அடைப்பு! பசை போட்டு ஒட்டின மாதிரி. மறுநா மார்கழி ஒண்ணு, வானம் மூடிக் கெடக்கு. ரெண்டாந் தேதி வெள்ளன ஆரம்பிச்சுட்டு.

அந்த மழைய எப்படிச் சொல்ல. துளித்துளியா விழல தம்பி. குடத்தச் சாய்ச்ச மாதிரின்னு சொல்லுவாவள்லா, குடத்துக்காவது வாயி சிறுசு. ஆறு மணிக்குக் கரைக்குப் போனேன். கலிங்கு மட்டத்துக்கு வந்தாச்சு. எட்டு மணிக்குச் சாக்குல பாதி ஏறியாச்சு. கரை மேல நின்ன பயலுவ ஆடுதானுவ. நானும்தான், பொய் எதுக்குச் சொல்லணும், எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அந்தக் குளத்த அப்படி நெறைஞ்சு பாத்து எத்தன வருசம் ஆச்சு. மாடனுக்கு ஒரு தேங்காய ஒடைச்சேன். அடைப்ப எடுக்குத தேங்காய் இல்ல, சந்தோசத் தேங்காய்.

அப்பப் பொதுப்பணித்துறை எஞ்சினியர் அம்மா போன் அடிச்சுது. ஜெபசெல்வின்னு பேரு, சின்னப் புள்ள, வேலைக்கு வந்து ஒரு வருசம் இருக்கும். "ஐயா, மேல மூணு குளம் நெறைஞ்சு உங்களுக்குத்தான் வருது. கலிங்குல இருக்க சாக்கு எல்லாத்தையும் இப்பவே எடுத்துருங்க"ன்னு. நான், பாப்போம்மான்னேன். அரை மணி நேரத்துல திரும்ப அடிச்சுது. பொறவும் அடிச்சுது. "ஐயா, கெஞ்சிக் கேக்கேன்"னு சொல்லிச்சு. கெஞ்சி! நாலாவது தடவ நான் எடுக்கல. போன் நனைஞ்சிரும்லா? அவ்வளவு அவசரம்னா நேர்ல வந்திருக்கணும். ரோடு முங்கிட்டுன்னு பொறவு சொன்னாவ. என்னமோ.

பத்து மணிக்கு மருமவன் வந்தான்.

அவன் கூட எட்டு பேரு. கையில கடப்பாரை, மம்பட்டி. மருதடியிலேருந்து இடுப்புத் தண்ணியில நடந்து வந்திருக்கானுவ. எங்க பயலுவ பாத்ததும், ஏலே தண்ணி திருட வாரானுவடோய்னு கரையில கூடிட்டானுவ. எனக்கும் அதான் தோணிச்சு. முந்தின வாரம் மவள அனுப்பிக் கேட்டுப் பாத்தானுவ, குடுக்கல, இப்ப கடப்பாரையோட வாரானுவ. வேற என்ன தோணும்?

"மாமா, தண்ணிக்கு வரல மாமா"ன்னான். மழைச் சத்தத்துல கத்திச் சொல்லுதான். "எங்க குளமே நெறைஞ்சு போச்சு. எங்களுக்கு இனிமே ஒரு சொட்டு வேண்டாம். இத இப்ப எடுத்தா வழிஞ்சு பைய வரும், நாங்க தாங்கிக்கிடுவோம். எடுக்கலன்னா கரை போயிரும் மாமா. மொத்தமா வந்தா எங்க ஊரு இருக்காது."

"நூறு வருசத்துக் கரை. நீ எனக்குச் சொல்லித் தாறியா?"ன்னேன்.

"பேச்சி அங்கனதான் இருக்கா மாமா. புள்ள இருக்கு. எங்க அம்மையால எந்திரிக்க முடியாது."

எனக்குக் கோவம் வந்துட்டு. எம்மவ பேரச் சொல்லி எங்கிட்டயே தண்ணி பேசுதானேன்னு. குடைய விரிச்சேன். நேரா போயி அந்தச் சாக்கு வரிசை மேலயே ஒக்காந்துட்டேன். "முடிஞ்சா என்னத் தூக்கிப் போட்டுட்டு எடு"ன்னேன்.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், இத யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்லுதேன்னும் தெரியல. நான் இறங்கிப் போயிருவேன், அதனாலயா இருக்கும். அந்தச் சாக்கு மேல ஒக்காந்தேன் பாருங்க, அடியில நடுங்கிச்சு. வெட்டக் கொண்டு போற கெடாவப் பிடிச்சா அதோட ஒடம்பு நடுங்குமே, அந்த மாதிரி. கல்லு, சாக்கு, எல்லாம் சேந்து நடுங்குது. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. எந்திரிக்கணும்னு காலு சொல்லுது. எப்படி எந்திரிக்க? முன்னால மருமவன் நிக்கான். பின்னால ஊரே நிக்குது. ஒக்காந்த மனுசன் எந்திரிச்சா என்ன பேசுவானுவ?

அவன் என்னப் பாத்துக்கிட்டே நின்னான். கூட வந்தவனுவ, "தூக்குல அந்தாள"ங்கானுவ. எட்டு பேரு, நான் ஒத்த ஆளு, தூக்கிருக்கலாம். சிவனணைஞ்சான் கடப்பாரையக் கீழ போட்டான். "எங்க மாமா மேல எவனும் கை வைக்கப்படாது"ன்னான். திரும்பிட்டானுவ. மாமனார மருமவன் தொடுவானா? தொடல. அவன் தொட்டிருந்தான்னா... சரி, அத விடுங்க. மரியாத தெரிஞ்ச பய, அதுக்குச் சொல்ல வந்தேன்.

ரெண்டு மணிக்குக் கரை போச்சு. கலிங்கு போவல, பாத்துக்கிடுங்க. நான் அடைச்ச எடம் அசையல. இன்னைக்கும் போயிப் பாக்கலாம், கல்லு நிக்குது. போனது தெக்க பழைய மடைப்பக்கம். கரையில வீக்கான எடம் அதான்னு பொறவு அளந்து சொன்னாவ. அப்ப அதுக்கும் நான் அடைச்சதுக்கும் என்ன சம்பந்தம்? எஞ்சினியர் அம்மா படம் வரஞ்சு காட்டிச்சு. வழிய வேண்டிய எடத்துல வழியாமத்தான் வீக்கான எடத்த ஒடைச்சுதுன்னு. படத்துல என்ன வேணும்னாலும் வரையலாம்.

சத்தம் கேட்டுது. பொறவு தண்ணி கீழ போற நிறம் தெரிஞ்சுது, செவசெவன்னு. பேச்சிக்குப் போன் போட்டேன். அடிச்சுது. எடுக்கல. திரும்பப் போட்டேன். எடுக்கல. மூணாவது தடவ, தொடர்பு எல்லைக்கு அப்பால்னு ஒரு பொம்பளக் கொரலு. ரெண்டு நாளும் அந்தக் கொரலத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். சோறு எறங்கல. கல்லு மாதிரி ஒக்காந்திருந்தாரு தலைவருன்னு ஊருல சொன்னானுவ. கல்லாவது ஒண்ணாவது. அந்த நம்பரத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

மூணாம் நாளு தண்ணி வடிஞ்ச பொறவு நடந்தே போனேன். மருதடிய எனக்கு அடையாளம் தெரியல தம்பி. வயக்காடு பூராம் மண்ணு. ஆளொசரத்துக்கு வெள்ள மணலு, எங்க குளத்து மணலு. கெணறு இருந்த எடத்துல கெணறக் காணோம். ஊரு சனம் பள்ளிக்கூடத்து மாடியில இருந்துச்சு. பேச்சி செவத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தா, மடியில புள்ள. உசுரோட இருந்தா. அதப் பாத்ததும் அங்கனயே ஒக்காந்து அழுதேன்.

அவ அழல. என்னப் பாத்து, ஏதோ கணக்குச் சொல்லுத மாதிரி சொன்னா. "தண்ணி வீட்டுக்குள்ள வந்துட்டு. அவுக மாட்ட அவுக்கப் போயிருந்தாவ. ஒரு கையில புள்ள, ஒரு கையில அத்தை. இந்த மாடிப்படி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அங்கன ஒரு இழுப்பு இழுத்துச்சு. ஒரு கைய விட்டுட்டேம்பா."

அவ்வளவுதான். அதுக்குப் பொறவு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. இந்த மார்கழி வந்தா வருசம் ஒண்ணு.

ஏன் பேசலன்னு எனக்குத் தெரியும். கோடிச் சேலை. சம்பந்தி செத்தா பொண்ணு வீட்டுக்காரன் கோடி எடுத்துட்டுப் போவணும்லா? நான் வெறுங்கையோட போயி நின்னேன். கடையெல்லாம் முங்கிக் கெடக்கு, எங்க போயி எடுக்க? அது அவ மனசுல பட்டுட்டு. மாமியா வீட்டுல, உங்கப்பன் கோடி கூடப் போடலயேன்னு யாராவது சொல்லியிருப்பாவ. பொம்பளைகளுக்கு அது பெரிய விசயம்லா. பதினாறாம் நாளு நல்ல பட்டுச்சேலையா எடுத்துக் குடுத்து விட்டேன். திருப்பி அனுப்பிட்டா. பொங்கலுக்கு அனுப்பினேன். திருப்பிட்டா. இன்னும் என் பீரோவுலதான் கெடக்கு. ஒரு சேலைக்கு இவ்வளவு பிடிவாதமான்னு இருக்கு. இல்ல, நீங்க என்ன நெனைக்கிய? சேலைதான? வேற என்ன இருக்கு?

திரும்பவும் சன்னலத்தான் பாக்கிய. சரி.

விசாரணைக்குப் பெரிய அதிகாரி வந்தாவ. சிவனணைஞ்சானக் கேட்டாவ, நீங்க அடைப்ப எடுக்கப் போனியளே, தடுத்தது யாருன்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "யாரும் தடுக்கல. நாங்களாத்தான் திரும்பி வந்துட்டோம்"னான். அம்மையப் பறிகொடுத்தவன். நான் அங்கனதான் நிக்கேன். என்னப் பாக்கவே இல்ல, தரையப் பாத்துச் சொன்னான். அதான் சொன்னேனே, தங்கமான பய.

இப்பக் கரையப் புதுசாக் கட்டிட்டாவ. கலிங்குகிட்ட ஒரு போர்டு வச்சிருக்கு, அடைக்கக் கூடாது, மீறினா நடவடிக்கைன்னு. வைக்கட்டும். ஆனா இந்த வருசக் கதையக் கேளுங்க. புரட்டாசி போச்சு, ஐப்பசி போச்சு, குளத்துல பாதிதான் தண்ணி. நட்ட நெல்லு நிக்குது. பங்குனி வரைக்கும் தாங்காது. ஊர்க் கூட்டம் போட்டோம். ஒரு ரெண்டு பேரு மட்டும், இந்த வருசம் வேண்டாமேன்னான். குளத்து மேல கோவிச்சுக்கிட்டு குண்டி கழுவாமப் போனவன் கதையால்லா இருக்கு? ஒரு வெள்ளம் வந்துட்டுன்னு வருசா வருசம் பயிரக் காயப் போட முடியுமா? நான் ஒண்ணும் கோட்டிக்காரன் இல்ல. எனக்கும் பயம் இருக்கு. அடைச்சா வெள்ளத்துக்குப் பயம், அடைக்காட்டிப் பசிக்குப் பயம். பசி நிச்சயமா வரும். வெள்ளம் வந்தாத்தான் வரும். நிச்சயமா வாரதத்தான மொதல்ல பாக்கணும்?

வார ஞாயித்துக்கிழம கார்த்திகை கடைசி. அதுக்குத்தான் டவுனுக்கு வந்தேன். நீங்க கால வச்சிருக்கியளே, அதுதான். நூறு நைலான் சாக்கு. நெல்லு மண்டியில பழைய சாக்கு நல்லதாப் பொறுக்கி எடுத்தேன். மிச்சம் லோடு ஆட்டோவுல வருது. ஏன் கால எடுத்துட்டிய? வைங்க, வைங்க. சாக்குத்தான.

தம்பி, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்கிட மாட்டியளே. உங்க போனக் கொஞ்சம் தாங்க. என் நம்பரப் பாத்தா அவ எடுக்க மாட்டா. புது நம்பருன்னா எடுப்பா. ஒரே ஒரு நிமிசம். நம்பரு மனப்பாடம், நான் சொல்லுதேன், நீங்க போடுங்க. அடிக்குதா? இங்கன குடுங்க.

அம்மா. பேச்சி. நாந்தாம்மா. வச்சிராத. வச்சிராதம்மா, வேற ஒருத்தரு போனு. நல்லா இருக்கியா? புள்ள நடக்குதா? ... ம். ... ஆமா. ... ஆமாம்மா. ... ஞாயித்துக்கிழம. காலையில பொங்கல் வச்சிட்டு, பதினோரு மணி வாக்குல. ... பங்குனி பதினஞ்சுக்கு மேலதான். எப்பவும் போலத்தான. ... பேச்சி? ... பேச்சி?

வச்சுட்டா. இந்தாங்க போனு.

பாத்தியளா, பேசிட்டா. ஒரு வருசம் கழிச்சு எம்மவ எங்கிட்டப் பேசிட்டா. நான் என்னமோ திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. ஒரு சத்தம் கெடையாது. "கலிங்கு இந்த வருசமும் அடைக்கியளா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். எந்த நாளுன்னா. சொன்னேன். "எத்தன மணிக்கு?"ன்னா, அதையும் சொன்னேன். பொறவு, "எப்ப எடுப்பிய?"ன்னு கேட்டா. பங்குனின்னேன். "சரி. அப்ப சனிக்கிழமையே புள்ளையையும் ஆட்டையும் கூட்டிக்கிட்டு அவுக அக்கா வீட்டுக்குக் கோவில்பட்டிக்குப் போயிருதோம். பங்குனி முடிஞ்சு வாரோம்"னா. அவ்வளவுதான். சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டாள்லா? அவ வாயில சரின்னு வந்ததே பெருசு.

மூணு மாசம், நாலு மாசம் வீட்டப் பூட்டிட்டு எதுக்குப் போணும்னுதான்... மாடு கன்னு இல்ல இப்ப, அதனால போறா போலிருக்கு. வெளியூருல கொஞ்ச நாளு இருந்தா மனசு ஆறும். அதுவும் நல்லதுதான். நல்லதுதான, தம்பி?

உள்ளங்கையப் பாருங்க, எப்படி வேர்த்திருக்குன்னு. உங்க போன் நனைஞ்சு போச்சு. தொடச்சுக்கிடுங்க.

ஆலடி விலக்கு வந்துட்டு. ஹோல்டான், ஹோல்டான்! கொஞ்சம் எந்திரிங்க தம்பி, இந்தக் கட்ட மட்டும் தூக்கித் தலையில வச்சு விடுங்க. ரொம்பக் கனமில்ல, வெறுஞ் சாக்குத்தான். மண்ணு அங்கன போயி அள்ளிக்கிடுவோம். மண்ணுக்கு இப்பப் பஞ்சமே இல்ல, மருமவன் வயலு பூராம் மண்ணுதான் கெடக்கு.